தாளில் இல்லாத ஒரு பிளக் பாயிண்ட்

யாழினி, கதிர், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். அப்பா வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பாமல் நோட்டில் எழுதித் தருகிறாரே என்று சிரிக்க வேண்டாம். வாயால் சொன்னால், சங்கடமான இடம் வரும்போது ஒரு இருமல் இருமிவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுவேன். என் குணம் எனக்குத் தெரியும். எழுதினால் அப்படித் தாண்ட முடியாது.

யாழினி, சின்னச் சின்ன இடங்களுக்கு மின்சாரத் திட்டம் போடும் கம்பெனியில் நீ போன மாதம் வேலைக்குச் சேர்ந்தாய். கதிர், நீ ஐ.டி.இ. தொழிற்கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் படிக்கிறாய். நான் இந்தச் சிங்கப்பூரில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒயரோடு மல்லுக்கட்டி இப்போதுதான் ஓய்ந்திருக்கிறேன். செகண்டரி டூவோடு பள்ளியை விட்டவன். கணக்கும் கம்ப்யூட்டரும் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. அந்தக் கணக்கை எப்படிப் போட வேண்டும் என்று காட்டிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் செய்த தப்பையும் எழுதுகிறேன். உங்களோடு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுங்கள்.

அவர் என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர். தெம்பனிஸ்காரர். தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் முதல் இஞ்சினியர். பெயரை எழுதவில்லை, எழுதினால் கூச்சப்படுவார். அவரை நான் மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். அப்படியே எழுதுகிறேன்.

பாசிர் ரிஸ் கடற்கரையில் நின்று வடக்கே பார்த்தால் தண்ணீரில் மிதக்கும் பலகைகளும் தகரக் கூரைகளும் தெரியுமே, அவை மீன் பண்ணைகள். அம்மா தேக்கா மார்க்கெட்டில் வாங்கும் கொடுவாய் மீன் சிலசமயம் அங்கிருந்துதான் வரும். கரையிலிருந்து அங்கே மின்கம்பி கிடையாது. பண்ணை தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கி, தானே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மைக்ரோகிரிட் என்று நீ படித்தாயே யாழினி, அதுதான். புத்தகத்தில் அது ஒரு படம். அங்கே போனால் டீசல் வாடையும் மீன் வாடையும்.

அந்தப் பண்ணையின் தவுக்கே, அதாவது முதலாளி, அறுபது தாண்டிய சீனர். எனக்கும் அவருக்கும் பொதுப் பேச்சு சந்தை மலாய்தான். சில வருஷங்களுக்கு முன் ஒருதடவை கடலில் பாசி பெருகித் தண்ணீரில் காற்று குறைந்து, ஒரே காலையில் அவருடைய கூண்டுகள் எல்லாவற்றிலும் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மறுபடி குஞ்சு வாங்கி விட்டு முதலிலிருந்து தொடங்கினார். இன்னொரு முறை அப்படி நடந்தால் கரைக்கு ஏறிவிடுவேன், அப்புறம் கடலைத் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது கையில் இருந்த கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கூண்டுகளுக்குள் காற்று ஊதும் நான்கு புளோவர்களை நிறுத்தாமல் ஓட்டினார். அதற்காக இரண்டு ஜெனரேட்டர்கள் ராப்பகலாக ஓடின. மீன் தின்றதைவிட அந்த மெஷின்கள் தின்ற டீசல் அதிகம் என்பார். அதனால்தான் கூரையில் சோலார் தகடும் பேட்டரியும் போட்டு, ஒரு ஜெனரேட்டரை மட்டும் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டார். திட்டம் மேடமுடையது, ஒயர் வேலை என்னுடையது.

அதற்கு முன் வந்த கம்பெனிகள் நேராகத் தகடு எத்தனை, பேட்டரி எவ்வளவு பெரிது என்றுதான் பேச்சைத் தொடங்கினவாம். மேடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. முக்காட்டின் முனைகளை லைஃப் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, மூன்று நாள் அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஐஸ் மெஷின், தண்ணீர் பம்ப், குளிர் அறை, விளக்கு, கெட்டில் என்று ஒவ்வொன்றையும் காட்டி ஒரே கேள்விதான் கேட்டார். இது நின்றால் எவ்வளவு நேரம் பொறுக்கும்? பதிலைத் தாளில் எழுதிக்கொண்டார்.

பண்ணையில் வேலை பார்த்த செல்வம் ராமநாதபுரத்துப் பையன், என்னோடு நன்றாகப் பழகுவான். அவனிடம் நான் மெதுவாகச் சொன்னேன்.

“மேடம் கெட்டிலுக்கும் பேட்டி எடுக்குறாங்கடா.”

அவர் காதில் விழுந்துவிட்டது. தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“கெட்டில்தான் அண்ணே பொய் சொல்லும். சின்னப் பொருள்தானேன்னு யாரும் அதைக் கேக்க மாட்டாங்க.”

நாங்கள் சிரித்தோம். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கைப் பேச்சு.

அந்தத் தாளிலிருந்து அவர் திட்டத்தை உருவாக்கிய விதத்தைப் பார்த்துதான் எனக்கு முதன்முதலில் அவர்மேல் மரியாதை வந்தது. ஐஸ் மெஷின் எப்போது ஓடினாலும் ஐஸ் ஐஸ்தான். அதை உச்சி வெயிலுக்கு மாற்றினார். தண்ணீர்த் தொட்டியையும் மத்தியானமே நிரப்பச் சொன்னார். குளிர் அறையின் கதவைத் திறக்காவிட்டால் மூன்று மணி நேரம் தாங்கும் என்று கண்டுபிடித்தார். “வெயில் அடிக்கும்போது செஞ்சு வச்ச ஐஸும் பேட்டரிதான் அண்ணே, அது மலிவான பேட்டரி” என்றார். பொறுக்கக்கூடியதை எல்லாம் வெயிலுக்குத் தள்ளியதும் பேட்டரியின் அளவு பாதியாகக் குறைந்தது. தவுக்கே நம்பவில்லை. மற்றக் கம்பெனிக்காரர்கள் இரண்டு மடங்கு கேட்டார்களே என்றார். சிக்கனம் என்றால் மட்டமான சாமான் வாங்குவது என்று நான் நினைத்திருந்தேன். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று தெரிந்துகொள்வதுதான் சிக்கனம் என்று அன்றைக்குப் புரிந்தது.

பிறகு இரண்டு போர்டு வைத்தோம். வெள்ளைப் போர்டில் காத்திருக்கக்கூடியவை எல்லாம். பேட்டரி குறைந்தால் அது தானே அணைந்துவிடும். சிவப்புப் போர்டில் நான்கு புளோவரும் அபாய மணியும் மட்டும். அது அணையவே கூடாது. சிவப்புப் போர்டில் என்ன ஓடுகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு தாளில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கதவின் உள்பக்கம் ஒட்டினார். அந்தப் போர்டில் ஒரே ஒரு பிரேக்கர் காலியாக இருந்தது. பின்னால் எப்போதாவது ஐந்தாவது புளோவர் வைத்தால் உதவும் என்று நானே விட்ட இடம்.

இனி நான் இருமிவிட்டுத் தாண்ட விரும்பும் இடம்.

இரண்டு மாதம் கழித்து சர்வீஸுக்குப் போனபோது செல்வம் என் பின்னாலேயே வந்தான். தீனி மீன் வைக்கும் ஃப்ரீசர் வெள்ளைப் போர்டில் இருக்கிறது, மழை நாளில் அது அணைந்துவிடுகிறது, தீனி இளகி நாறுகிறது, தவுக்கே தன்னைத் திட்டுகிறார் என்று சொன்னான்.

“அண்ணே, ஒரே ஒரு பாயிண்ட் அண்ணே. அந்த செவப்புப் பொட்டியில இருந்து இழுத்துக் குடுத்துருங்க. ஒங்களுக்கு இருபது நிமிஷ வேல.”

உண்மையில் இருபது நிமிஷம்கூட இல்லை. பையில் ஒயர் மிச்சம், போர்டில் இடம் மிச்சம். இரண்டும் மிச்சமாக இருந்தால் நம் வேலைக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. அதற்குப் பெயரே உண்டு, உதவி பாயிண்ட். காசு வாங்க மாட்டோம். ஒரு தேத்தண்ணி குடிப்போம். நல்ல மனசுக்காரர் என்று பேர் வாங்குவோம். அப்படி எத்தனையோ கொடுத்திருக்கிறேன். செல்வத்துக்கும் கொடுத்தேன். கதவின் உள்பக்கம் இருந்த தாளில் எழுதவில்லை. எழுதினால் மேடமுக்குச் சொல்ல வேண்டும், அவர் கணக்கை மறுபடி போடுவார், ஒரு ஃப்ரீசருக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று நினைத்தேன்.

அந்த வருஷம் இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டம் வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், தெம்பனிஸில் நம் ஜன்னலை எல்லாம் அடைத்து வைத்திருந்தோம். மூன்றாவது நாள் நான் சர்வீஸுக்காகப் பண்ணைக்குப் போனேன். புகையில் தகடுகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க மேடமும் வந்தார். சூரியன் பழைய ஐந்து காசு நாணயம் மாதிரி மங்கலாகத் தெரிந்தது. காற்று இல்லை. கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. தண்ணீர் பச்சையாகப் பழுப்பாக இருந்தது. தவுக்கே வரவேற்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிறம் அவருக்குத் தெரிந்த நிறம்.

காலை பதினொரு மணி இருக்கும். மூன்று நாள் வெயில் இல்லாததால் பேட்டரி இறங்கி, வெள்ளைப் போர்டு தானே அணைந்தது. அது திட்டப்படிதான். அடுத்து ஜெனரேட்டர் தானே ஓட வேண்டும். அது முக்கியது, உறுமியது, நின்றுவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பல நாள் சும்மா கிடந்ததில் டீசலில் தண்ணீர் இறங்கிக் குழாய் அடைத்திருந்தது. இரண்டு தடவை கழற்றி ஊதி மாட்டினேன். கை முழுக்க டீசல்தான் மிச்சம், மெஷின் பிடிக்கவில்லை.

மேடம் அதற்குள் சாங்கிப் பக்கம் இருந்து வாடகை ஜெனரேட்டர் ஒன்றைப் படகில் ஏற்றி அனுப்பச் சொல்லிவிட்டார். ஏற்றி, இங்கே வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆகும் என்று படகுக்காரர் சொன்னார்.

அவருடைய தாளின்படி, மிச்சம் இருக்கும் பேட்டரியில் நான்கு புளோவரும் மூன்று மணி நேரம் ஓடும். படகு வந்துவிடும், பயமில்லை. ஆனால் பேட்டரியின் திரையில் எண் அதைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. திரை சொன்னபடி பார்த்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். தாள் உண்மை என்றால் சும்மா காத்திருந்தால் போதும். திரை உண்மை என்றால் இப்போதே வலையை இழுத்து, விற்கிற அளவுக்கு வளர்ந்த மீனை எல்லாம் கொன்று, இருக்கிற கொஞ்சம் ஐஸில் போட வேண்டும். கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். வளராத சின்ன மீன்கள் போனது போனதுதான். தாமதித்தால் அந்தப் பெரிய மீனும் செத்துப்போகும், செத்த மீனை யாரும் வாங்க மாட்டார்கள். பதினான்கு மாத வளர்ப்பு. தவுக்கே கரை ஏறுவதா இல்லையா என்பது அந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில் இருந்தது.

அவர் கத்தவில்லை. கூரையைக் கைகாட்டி, இனிமேல் இந்தக் கண்ணாடியில் துணி காயப்போடலாம் என்று மலாயில் சொன்னார். வலை இழுக்கும் கையுறையை மாட்டத் தொடங்கிவிட்டார். அவருக்கு மேடமின் தாளில் இருந்த நம்பிக்கை போய்விட்டது. பேட்டரி பழுது என்று நினைத்தார். அந்த நேரத்தில் யாருமே அப்படித்தான் நினைப்பார்கள்.

மேடம் அப்படி நினைக்கவில்லை. தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, மணி என்ன என்று கேட்கிற மாதிரி.

“அண்ணே, என் பேப்பர்ல இல்லாதது ஏதாச்சும் இந்த போர்டுல ஓடுதா?”

பிள்ளைகளே, அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் போன நேரம் நான்கைந்து விநாடிதான் இருக்கும். அதற்குள் நான் நினைத்ததை எல்லாம் எழுதினால் இந்த நோட்டு போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பத்தடி நடந்து, பின்பக்கம் போய், அந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும். எண் மெதுவாக இறங்கத் தொடங்கும். யாருக்கும் தெரியாது. பேட்டரிமேல் பழி போகும், பேட்டரிக்கு வாய் கிடையாது. கால்கூட அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

“ஓடுது மேடம். நான்தான் குடுத்தேன்.”

“என்னென்ன?”

“ஒரு ஃப்ரீசர். இப்போ வேற என்ன தொங்குதுன்னு எனக்கே தெரியாது.”

நான் பின்பக்கம் ஓடப் பார்த்தேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பிடுங்காதீங்க. முதல்ல எண்ணிட்டு வாங்க.”

எண்ணினேன். நான் கொடுத்த ஒரு பாயிண்ட்டில் ஒரு நீள மல்டி பிளக் தொங்கியது. அதில் நான் போட்ட ஃப்ரீசர், எங்கிருந்தோ வந்த இன்னொரு பழைய ஃப்ரீசர், கெட்டில், இரண்டு மின்விசிறி, நான்கு போன், எல்லாவற்றுக்கும் மேலே மத்தியானச் சோறு வேகும் ரைஸ் குக்கர். என் உதவி குட்டி போட்டிருந்தது. செல்வம் பக்கத்தில் வந்து தலையைக் குனிந்து நின்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. முதல் ஒயர் என்னுடையது.

அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்த்து எழுதினார். மொத்தமாகப் பிடுங்கியிருந்தால் எண் குறைந்திருக்கும், ஆனால் அது முழு விளக்கமா என்று தெரிந்திருக்காது. கடைசியாக ரைஸ் குக்கரைப் பிடுங்கியதும் தாளும் திரையும் ஒரே எண்ணைச் சொல்லின. பேட்டரியில் குற்றம் இல்லை. ஆனால் அதற்குள் வீணாய்ப் போனது போனதுதான். இனி புளோவர்கள் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். படகு வரவும் இன்னும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் இருந்தது. நடுவில் இடைவெளி கிடையாது.

தவுக்கேயிடம் அவர் போய்ச் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். வலை இழுக்க வேண்டாம், எண் எங்கே தவறியது என்று கண்டுபிடித்துவிட்டோம் என்றார். தவுக்கே என்னைப் பார்த்தார். நான் ஆமாம், என் வேலை என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மேடம் சொன்னதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அந்த ஜெனரேட்டரை வாரம் ஒருதடவை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், ஆனால் டீசல் மிச்சம் பிடிக்க மாதம் ஒருதடவை போதும் என்று திட்டத்தில் எழுதியது நான், அதனால்தான் அது அடைத்துக்கொண்டது என்றார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அந்த நேரத்தில் என் பிளக் பாயிண்ட்டுக்குப் பின்னால் அவர் தாராளமாக ஒளிந்துகொண்டிருக்கலாம்.

தவுக்கே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். இப்போது என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

படகு நேரத்துக்கு வரும் என்று மேடம் நம்பவில்லை. புகையில் படகு மெதுவாகத்தான் வரும். அதனால் காற்றைப் பங்கு போட முடிவெடுத்தார். நான்கு புளோவரில் இரண்டைப் பத்து நிமிஷம் அணைப்பது, பிறகு அவற்றைப் போட்டு மற்ற இரண்டை அணைப்பது. மீனிடமும் அதே பழைய கேள்விதான், எவ்வளவு நேரம் பொறுக்கும்? நான் போர்டில், செல்வம் தண்ணீரின் காற்றை அளக்கும் மீட்டரோடு, தவுக்கே கூண்டுகளின் நடுப் பலகையில். மேடம் கையில் கடிகாரம்.

முதல் சில முறை ஒழுங்காகப் போனது. பிறகு ஒருதடவை, பத்து நிமிஷம் ஆகவில்லை, ஆறு இருக்கும், தவுக்கே மூன்றாம் கூண்டைக் காட்டிக் கையை ஆட்டினார். செல்வம் மீட்டரைப் பார்த்து, இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்றான். தாளின்படியும் நான்கு நிமிஷம் பாக்கி. நான் மேடமைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் எண்ணை மட்டுமே நம்பிய மனுஷி, எண்ணைத்தான் கேட்பார் என்று நினைத்தேன்.

“போடுங்க அண்ணே. அவர் ஒருக்கா எல்லாத்தையும் இழந்தவரு, அவர் கண்ணு மீட்டரைவிட முன்னாடி பார்க்கும் லா.”

போட்டேன். போட்ட பிறகுதான் எனக்கும் தெரிந்தது, மீன்கள் மூலையில் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மீட்டர் கூண்டின் நடுவில் இருந்தது, மீன்கள் மூலையில் இருந்தன. அதற்குப் பிறகு அந்தக் கூண்டுக்கு மட்டும் ஆறு நிமிஷம் என்று தாளில் மாற்றி எழுதினார். எண்ணைத் தூக்கிப் போடவும் இல்லை, பிடித்துத் தொங்கவும் இல்லை. கல்லூரியில் இதை எப்படிச் சொல்லித்தருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை யாழினி. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

படகு நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தது. அப்படிக் காற்றைப் பங்கு போடாமல் இருந்திருந்தால், நான் உண்மையைச் சொல்லியும் பிரயோஜனம் இருந்திருக்காது. வாடகை ஜெனரேட்டரை இணைத்து நான்கு புளோவரும் சேர்ந்து ஓடியபோது தவுக்கே பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் கூண்டில் சில மீன்கள் செத்திருந்தன, ஒரு கூடை அளவு. அதைத் தானே வாரி எடுத்தார், யாரையும் தொடவிடவில்லை. மற்றதெல்லாம் உயிரோடு இருந்தன.

அப்போதுதான் பசி தெரிந்தது. செல்வம் ரைஸ் குக்கரைத் திறந்து பார்த்துவிட்டு எங்களிடம் காட்டினான்.

“சோறு அரைவேக்காடு, மீன் முழு உசுரு. எது வேணும் மேடம்?”

தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். எல்லோரும் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றோம். கெட்டிலைப் போடுவதற்கு முன் செல்வம் மேடமின் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்டான்.

திரும்பிவரும் படகில் நான் அவரிடமிருந்து திட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. கடைசியில் நானே கேட்டேன், ஏன் மேடம் ஒன்றும் சொல்லவில்லை என்று. அவர் சொன்னார்.

“நீங்க சொல்லாம பிடுங்கியிருந்தா, இந்த பேட்டரி ஏமாத்துதுன்னு நெனச்சிருப்பேன் அண்ணே. அடுத்து ரெண்டு ஃபார்ம் காத்திருக்கு. அவங்களுக்கு இதைவிடப் பெருசா போடச் சொல்லி எழுதியிருப்பேன். உங்க ஒரு ஃப்ரீசருக்காக அவங்க ரெண்டு பேரும் தேவையில்லாத பேட்டரி வாங்கியிருப்பாங்க.”

அவ்வளவு தூரம் நான் யோசித்திருக்கவில்லை. என் மானம், மிஞ்சிப்போனால் இந்தப் பண்ணையின் மீன், அதோடு என் யோசனை நின்றுவிட்டது. ஒரு இடத்தில் நாம் மறைக்கும் சின்ன விஷயம், யாரோ முகம் தெரியாத ஆளின் திட்டத்தில் போய்த் தப்பான எண்ணாக உட்கார்ந்துகொள்ளும். திட்டம் போடுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நாம் கொடுக்கும் தாளைவிட அவர் கெட்டிக்காரராக இருக்க முடியாது. கதிர், இது உனக்கு. நாளைக்கு உன் கையில்தான் ஒயர் இருக்கும்.

படகு கரையை நெருங்கும்போது அவர் சிரித்துக்கொண்டே இன்னொன்று கேட்டார்.

“இந்த மாதிரி வேற எங்கெல்லாம் குடுத்திருக்கீங்க அண்ணே?”

நானும் சிரித்தேன். அந்த வாரமே அவர் செல்வத்தின் ஃப்ரீசருக்குத் திட்டத்தில் முறையாக ஒரு இடம் ஒதுக்கினார். இரவில் இளகாமல் இருக்க அதைச் சுற்றி ஐஸ் அடுக்கச் சொன்னார். கதவில் ஒட்டும் தாளின் அடியில் ஒரு காலி வரியும் வைத்தார். பிறகு சேர்த்தது என்ன, யார் சேர்த்தது என்று எழுதுவதற்கு. அவர் போட்ட எல்லாத் திட்டங்களிலும் இன்றைக்கும் அந்தக் காலி வரி இருக்கிறது. அந்த இரண்டு பண்ணைகளும் சின்ன பேட்டரியோடுதான் ஓடுகின்றன. தவுக்கே இன்னும் கரை ஏறவில்லை.

ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு மாலை காலண்டர் தாளின் பின்பக்கம் நினைவுக்கு வந்த இடங்களை எழுதினேன். ஏழு வந்தது. முதலாவது லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழே பூக்கடை, மேலே வாடகைக்கு ஆட்கள் தங்கும் கடைவீடு. கரண்ட் போனால் மாடிப்படி விளக்குகளும் தீ அபாய மணியும் ஓடுவதற்காக அங்கே ஒரு சின்ன பேட்டரிப் பெட்டி இருக்கிறது. பூ வாடக்கூடாது அண்ணே என்று கடைக்காரர் கெஞ்சினார் என்று, பல வருஷத்துக்கு முன் அவருடைய ஃப்ரிட்ஜை நான் அதில் மாட்டிக் கொடுத்திருந்தேன்.

அடுத்த லீவு நாளில் போனேன். உங்கள் அம்மாவிடம் தேக்காவில் வேலை என்று மட்டும் சொன்னேன். பூக்கடைக்காரரிடம் ஃப்ரிட்ஜை இனி சாதாரண லைனில் மாற்றுகிறேன், கரண்ட் போனால் ஐஸ் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனேன். மல்லிகை வாசத்தில் ஒயரைக் கழற்றினேன், மாற்றினேன். பிறகு அந்தப் பேட்டரிப் பெட்டிக்குப் போகும் கரண்ட்டை மட்டும் நிறுத்தினேன். மாடிப்படி விளக்குகள் ஒருமுறை சிமிட்டிவிட்டு மறுபடி எரிந்தன. நான் நடுப்படியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மேலே யாரோ குளிக்கும் சத்தம் கேட்டது. தெருவில் பாட்டு ஓடியது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பேட்டரி இவ்வளவு தாங்கும் என்று பெட்டியின் மேலே எழுதியிருந்த நேரத்தைத் தாண்டியும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இன்னும் பத்து நிமிஷம் சேர்த்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கரண்ட்டைப் போட்டேன். பெட்டிக் கதவின் உள்பக்கம் இருந்த பழைய தாளின் அடியில் பேனாவால் ஒரு வரி எழுதினேன். ‘பூக்கடை ஃப்ரிட்ஜ் இதில் இருந்தது. இன்று எடுத்தாயிற்று.’ அதன் பக்கத்தில் என் முழுப் பெயரை எழுதி, மை காயும்வரை கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.